உள்ளிருந்து ஒரு விரல்

தட்டச் சொல்வதற்கு முன்பே திரையில் முள் துடித்துவிட்டது.

நெல்லையப்பன் சுத்தியலை ஓங்கியபடியே நின்றார். இன்னும் அடிக்கவில்லை. தொட்டியின் வெளிச்சுவரில் அவர் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கிற ஆள் விரலை வைக்க வேண்டும். இரண்டு தட்டினால் எடுத்துவிட வேண்டும். தகரக் கூரையில் மழை கொட்டுகிற கொட்டில் வாயால் சொல்வது சரியாகக் காதில் ஏறாது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அப்படியிருக்க, தட்டாமல் கொள்ளாமல் யார் விரலை வைத்தது?

ஏணியில் ஏறி, தொட்டியின் மேலே, கனத்த மூடிக்கு முட்டுக்கட்டை கொடுத்துத் திறந்து வைத்திருந்த மேன்ஹோலுக்குள் தலையை நீட்டினார். "லேய் தளவாய்! நான் சொல்லுததுக்குள்ள என்னல அவசரம்?"

"நான் எங்க அத்தான் வச்சேன்? இன்னும் கிளிசரின் டப்பாவையே தொறக்கலயே," என்றது உள்ளிருந்து குரல். அந்தத் தொட்டிக்குள் யார் பேசினாலும் குரல் சுவரில் முட்டி, சுற்றி, உடைந்துதான் மேலே வரும். பேசுவது பெற்ற பிள்ளையே ஆனாலும் அடையாளம் தெரியாது.

சரி, கேபிள் ஆடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினார். செம்பூரில் ரயில் பாதையை ஒட்டிய பட்டறை அது. உருளைகளின் மேல் படுக்க வைத்திருந்தது அந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி. ஆள் நிமிர்ந்து நடக்கலாம், அவ்வளவு பெரிது. ஒரு கெமிக்கல் கம்பெனி அமிலம் ஊற்றி வைக்கச் சொல்லிச் செய்தது. அதில் ஒரு வெல்டு ஓட்டை விட்டாலும் கீழே நிற்கிறவன் எலும்புகூட மிஞ்சாது. எக்ஸ்ரே எடுத்தவர்கள் நீளவாட்டு ஜாயிண்டில் ஏதோ நிழல் தெரிகிறது, அது எவ்வளவு ஆழத்தில் என்று சொல்ல முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். அதனால்தான் நெல்லையப்பனையும் அவருடைய மெஷினையும் கூப்பிட்டது.

மெஷின் என்றால் டிரங்குப் பெட்டி அளவு, கை ஒடிகிற கனம், முகப்பில் வட்டமாக ஒரு பச்சைத் திரை. கேபிளின் நுனியில் தீப்பெட்டி மாதிரி ஒரு கட்டை. அதைக் கிளிசரின் தடவி இரும்பில் வைத்தால் மனுஷக் காதுக்கு எட்டாத சத்தம் ஒன்று உள்ளே போகும். போகிற வழியில் வெடிப்போ ஓட்டையோ இருந்தால் முட்டித் திரும்பும். திரும்பினால் திரையில் முள் எழும்பும். சாதா இரும்பில் குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஸ்டெயின்லெஸ் வெல்டில்தான் சனியன். அதன் மணி மணியான உடம்பில் பட்டு சத்தம் சிதறிப்போய், திரை முழுக்கப் பச்சைப் புல் முளைத்து நிற்கும். அந்தப் புல்லுக்குள் நிஜ முள் எது, பொய் முள் எது?

அதற்குத்தான் விரல். உள்ளே ஓர் ஆள் போய், வெளியே இருக்கிறவர் சொன்ன இடத்தில் கிளிசரின் தோய்த்த விரலால் ஜாயிண்டைத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். எதிரொலி அந்த இடத்திலிருந்து வருகிறது என்றால், விரல் படுகிறபோதெல்லாம் முள் குறுகித் துடிக்கும். துடிக்காவிட்டால் அது வேறெங்கிருந்தோ வருகிறது. புத்தகத்தில் படித்த மாதிரி ஜம்பமாகச் சொல்லிக்கொள்ள முடியாத வித்தைதான், ஆனால் நெல்லையப்பனை அது இதுவரை ஏமாற்றியதில்லை.

வழக்கமாக உள்ளே போகிற ஆள் வேறு. மழையில் குர்லா பக்கம் தண்டவாளம் மூழ்கி ரயில் நின்றுவிட்டதால் அவன் வரவில்லை. வந்தவர்களும் மத்தியானமே வீட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நெல்லையப்பன், கேட்டில் வாட்ச்மேன் ரஹ்மத்துல்லா, அப்புறம் இந்தத் தொட்டியை வெல்டு வைத்த தளவாய். நாளைக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்பப் போகிறார்கள். இன்றைக்கு விட்டால் பார்க்க முடியாது.

"நானா? உள்ளயா?" என்று தளவாய் கேட்டபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. பிப்ரவரிக்குப் பிறகு அவன் இந்தத் தொட்டிக்குள் கால் வைத்ததில்லை. அது பட்டறைக்கே தெரியும். காரணமும் தெரியும்.

பிப்ரவரியில், ஊர் முழுக்க மதராஸிகளைத் தேடித் தேடி அடித்த நாட்களில், ஒரு கூட்டம் இந்தப் பட்டறையின் கேட்டையும் உடைத்துக்கொண்டு வந்தது. பைப்பும் வாளும் சைக்கிள் செயினும். மற்றவர்கள் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடினார்கள். தளவாயும் அவன் சிநேகிதன் இசக்கியும் தொட்டியை நோக்கி ஓடினார்கள். தளவாய் உள்ளே குதித்துவிட்டான். ஏறிக்கொண்டிருந்த இசக்கியைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டார்கள். கூட்டம் போன பிறகு முதலில் பார்த்தவர் ரஹ்மத்துல்லாதான். உருளைக்குப் பக்கத்தில் கிடந்தானாம். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. விலா எலும்பு சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. இரண்டு கைகளிலும் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். மற்ற எட்டும் காணோம். வாளால் சீவிவிட்டார்கள் என்று போலீஸ்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த இசக்கியின் தங்கை பேராச்சியை நான் கட்டிக்கொள்கிறேன் என்று தளவாய் முன்னால் வந்து நின்றபோது அவர்கள் குடியிருக்கிற தாராவியே மெச்சியது. ஆவணியில் கல்யாணம். பெருமைப்படாதது அவன் அக்காள் சொர்ணம்மாள் ஒருத்திதான். அவள் நெல்லையப்பனின் மனைவி. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

"ராத்திரியெல்லாம் எந்திச்சு எந்திச்சு கையக் கழுவுதான். என்னல செய்யுதுன்னா சிரிக்கான். அவன் சிரிக்கதப் பாத்தா எனக்குக் குலை நடுங்குது. இன்னைக்கு உங்ககூடத்தான வாரான்? பத்திரமா, முழுசாக் கூட்டிட்டு வந்துருங்க" என்று காலையில் வாசல் வரை வந்து சொன்னாள்.

"இதென்ன பேச்சு, நான் இருக்கேன்லா?" என்று அவரும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்போது கட்டையை ஜாயிண்டுக்குப் பக்கத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். முள் குறுகியது. இரண்டு தட்டினார். நிமிர்ந்தது. அப்பாடா என்று இருந்தது. இடம் மாற்றி, மறுபடி ஒரு தட்டு. குறுகியது. இரண்டு தட்டு.

நிமிரவில்லை. துடித்துக்கொண்டே இருந்தது.

"எடுத்தாச்சா?" என்று கத்தினார்.

"எடுத்தாச்சு!"

"ரெண்டு கையையும் எடுல!"

"ரெண்டையும் இடுப்புல வச்சுக்கிட்டுல்லா நிக்கேன்!"

நெல்லையப்பன் பதறுகிற ஆள் இல்லை. மழைத்தண்ணீர் சொட்டினாலும் முள் ஆடும் என்று அவருக்குத் தெரியும். கூரையைப் பார்த்தார். ஒழுகல் இல்லை. தொட்டியின் வெளிப்புறத்தைச் சாக்கால் துடைத்தார். கேபிளைக் கழற்றி மாட்டினார். மெஷினோடு வந்த சோதனைக்கட்டியில் வைத்துப் பார்த்தார். முள் ஆணி அடித்த மாதிரி நின்றது. மெஷினில் கோளாறு இல்லை. மறுபடி தொட்டியில் வைத்தார். துடித்தது. மழைச்சொட்டுக்கு ஒரு நிதானம் இருக்கும். இதில் நிதானம் இல்லை. விட்டு விட்டு, பிறகு படபடவென்று, பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு அழுத்து. கதவைத் திறக்கச் சொல்லித் தட்டிக்கொண்டே நிற்கிறவனுக்குப் பொறுமை போகிற மாதிரி.

"தளவாய், அந்தக் கோடிக்குப் போய் நில்லு. ஜாயிண்டுகிட்ட வராத."

மேன்ஹோல் வழியே தெரிந்த கைவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் மெல்ல நகர்ந்து மங்கியது. உள்ளே அவன் செருப்பில்லாத கால் வைக்கிற சத்தம், தொட்டியின் நீளத்துக்கும் போய் நின்றது. நெல்லையப்பன் திரையைப் பார்த்தார். மழை இருட்டில் பட்டறை முழுவதும் கருத்துக்கிடக்க, அந்த ஒரு பச்சை வட்டம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இரும்புத்தூள் வாடை, நனைந்த சாக்கின் வாடை, கிளிசரினின் தித்திப்பு வாடை எல்லாம் ஒன்றாகக் குமட்டிக்கொண்டு வந்தன.

முள் துடித்தது. இப்போது துடிப்பு என்று சொல்லக் கூடாது. முள்ளை யாரோ தரையோடு தரையாக நசுக்கி, விட்டு, நசுக்கினார்கள். விரல் வைத்தால் முள் கொஞ்சம் குறுகும், அவ்வளவுதான். இப்படி அடியோடு சாய அவர் தம் அனுபவத்தில் பார்த்ததில்லை. கட்டையை ஒரு சாண் தள்ளி வைத்தார். அங்கேயும். இன்னொரு சாண். அங்கேயும். ஒரு மனுஷன் கையால் எட்ட முடியாத அகலத்துக்கு, ஜாயிண்ட் நெடுக, உள்ளே தொட்டுத் தொட்டு எடுக்கிறார்கள்.

அப்புறம் நின்றுவிட்டது. புல் மட்டும் அசையாமல் நின்றது. ஏதோ பிரமை என்று அவர் கழுத்து வேர்வையைத் துடைத்தார். கட்டையை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பார்த்தார். இருந்தது. இன்னும் முன்னால். அங்கேயும் இருந்தது, பின்னால் விட்ட இடத்தில் இல்லை.

நகர்கிறது.

அவரும் கூடவே நகர்ந்தார். வலது கையில் கட்டை, இடது கையால் மெஷினை இழுத்துக்கொண்டு, ஜாயிண்டோடு ஒட்டிக்கொண்டு. அது போகிற திசை அவருக்குப் புரிந்துவிட்டது. தளவாய் நிற்கிற கோடியைப் பார்த்துத்தான் அது போய்க்கொண்டிருந்தது.

"தளவாய்! ஏல தளவாய்! வெளிய வா! போதும், வெளிய வா!"

கட்டையைப் போட்டுவிட்டு ஏணிக்கு ஓடினார். கால் வழுக்கி முழங்கால் கம்பியில் இடித்துத் தோல் உரிந்தது. மேலே ஆள் நிற்கப் போட்டிருந்த பலகையில் மண்டியிட்டு, மேன்ஹோலுக்குள் கழுத்து வரை நுழைந்தார். கோடியில் கைவிளக்கு தெரிந்தது. அதன் வெளிச்சத்தில் தளவாய் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். குனிந்து தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்கன என்னலே பாக்க? வாடா மூதி!"

"வர முடியாது அத்தான்" என்றான். சாதாரணமாகச் சொன்னான். "எல்லாம் இங்கன வந்துட்டு. அன்னைக்கு எவ்வளவு தேடினேன், ஒண்ணுகூடக் கெடைக்கல. எங்க போச்சுன்னே தெரியல. இப்பப் பாருங்க, எல்லாம் வந்துட்டு."

"என்னத்தல தேடின?"

"வெரலு."

மழை ஒரு வேகம் கூடி, கூரையை அறைந்தது.

"அவன அவனுவ இழுத்துப் போடல அத்தான். அவன் ஏறிட்டான். ரெண்டு கையாலயும் இந்த விளிம்பப் பிடிச்சுட்டான். கீழ காலப் பிடிச்சு இழுக்கானுவ, இவன் விடல. என் பேரச் சொல்லிக் கூப்புடுதான். கையக் குடுல தளவாய், கையக் குடுலங்கான். குடுத்தா என்னையும் சேத்துல்லா இழுத்துருவானுவ? மூடிக்கு வச்சிருந்த முட்டுக்கட்டைய உருவிட்டேன்." அவன் குரல் சுவர்களில் பட்டு நாலாகத் திரும்பி வந்தது. "சத்தம்கூட இல்ல அத்தான். மூடி விழுந்த சத்தம்தான். எட்டும் உள்ள என் மடியில விழுந்துச்சு. சூடா இருந்துச்சு. அப்புறம் வெளிய அவன அடிக்கானுவ. அவன் தலைய இந்தத் தொட்டிமேலயே போட்டு அடிக்கானுவ. ஒவ்வொரு அடியும் எனக்கு உள்ள கேக்கு. ரொம்ப நேரம் அத்தான். அப்புறம் இருட்டுல தடவிப் பாக்கேன், மடியில ஒண்ணுமில்ல."

சொல்லத் தெரியாத ஒரு வெறுப்பு நெல்லையப்பனுக்குள் பொங்கியது. இசக்கி அவர் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். இந்தப் படுபாவி அவன் தங்கைக்கே தாலி கட்டப் போகிறான். கிடக்கட்டும், இங்கேயே கிடந்து சாகட்டும் என்று அந்த ஒரு நொடி அவர் மனசார நினைத்தார். நினைத்தது நிஜம். அப்புறம் சொர்ணம்மாள் வாசலில் நின்ற நிற்பு கண்ணில் வந்தது. என்ன செய்ய, அவள் தூக்கி வளர்த்த பிள்ளை.

"எதுனாலும் வெளிய வந்து பேசு. ஓடியா. மூணே எட்டு, கையப் பிடிச்சுக்கிடுதேன். ஓடியா தளவாய்!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஓர் அடி எடுத்து வைத்தான். அப்போது கரண்டு போய்விட்டது.

கைவிளக்கு அணைந்தது. கீழே மெஷினின் பச்சையும் அணைந்தது. பட்டறை, தொட்டி, வானம் எல்லாம் ஒரே கருப்பு. அந்தக் கருப்புக்குள்ளிருந்து தளவாய் அலறினான்.

அது பயத்தில் வருகிற அலறல் இல்லை, உடம்பிலிருந்து எதையோ பிய்க்கும்போது வருகிற அலறல். தொடர்ந்து ஓர் உடம்பு ஸ்டீலில் மோதுகிற சத்தம். இந்தச் சுவர். அந்தச் சுவர். மறுபடி இந்தச் சுவர். தலையா, முதுகா, தெரியவில்லை. ஒவ்வொரு மோதலுக்கும் தொட்டி உருளைகளின் மேல் ஆடியது. நெல்லையப்பன் பலகையில் குப்புற விழுந்து விளிம்பைக் கட்டிக்கொண்டார். தளவாய் என்னவோ கத்தினான். அது பாதியில் கொழகொழவென்று ஆகி, தொண்டையில் ரத்தம் நிரம்பினால் வருகிற சத்தமாக மாறியது. பல் ஒன்று ஸ்டீலில் விழுந்து உருண்டு போவதுகூட அவர் காதில் விழுந்தது. முறிகிற சத்தம். எலும்புதான். பச்சைக் கிளையை முறிக்கிற சத்தம்.

"ரஹ்மத்துல்லா பாய்! பாய்!" என்று கத்திப் பார்த்தார். கேட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே மழை.

இடுப்பு வரை மேன்ஹோலுக்குள் இறங்கினார். ரத்தத்தின் இரும்பு வாடை முகத்தில் அடித்தது. கையைத் துழாவினார். காற்று. காற்று. ஏதோ முடி. கூப்பிட்டார். மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் வந்தது. ரொம்பக் கிட்டத்தில். மறுபடி துழாவினார்.

ஒரு மணிக்கட்டு.

கிளிசரினா ரத்தமா, வழுவழுவென்று இருந்தது. அவர் விடவில்லை. மணிக்கட்டுக்கு மேலே முழங்கையைப் பிடித்தார். அக்குளைப் பிடித்தார். முழங்கால் தோல் பலகையில் உரிய உரிய, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். என்ன கனம்! தூக்கத் தூக்க, அவனும் காலை உந்தி ஏறினான். தலை வெளியே வந்தது. தோள் வந்தது. இடுப்பு வந்தது. அவர் மேலேயே புரண்டு, அவருக்குப் பின்னால் பலகையில் தொப்பென்று விழுந்தான். இருமினான். உயிர் இருக்கிறது. கடவுளே, உயிர் இருக்கிறது.

"பயப்படாதல. அத்தான் இருக்கேன்ல. வீட்டுக்குப் போயிருவோம். அக்காகிட்ட போயிருவோம்" என்று அழுதுகொண்டே சொன்னார். பின்னால் மூச்சுத்தான் வாங்கியது. நனைந்த துணியின் வாடையும், அதற்கு அடியில் நாள்பட்ட ஏதோ ஒன்றின் வாடையும் வந்தன.

திரும்பிப் பார்க்க நேரம் இல்லை. மேன்ஹோல் விளிம்பில் சத்தம் கேட்டது.

உள்ளே யாரோ தாவுகிறார்கள். வழுக்கி விழுகிறார்கள். மறுபடி தாவுகிறார்கள்.

மின்னியது. ஒரு நொடி. போதும்.

விளிம்பில் விரல்கள்.

இந்தப் பக்கம் நாலு. அந்தப் பக்கம் நாலு. நகக்கண்ணெல்லாம் ரத்தம். ஸ்டீலை இறுக்கிப் பிடித்து, மூட்டுகள் வெளுத்து, தம்மை மேலே தூக்கிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே ஒரு தலை எழும்பிக்கொண்டிருந்தது. முகம் முழுக்கக் கறுப்பாக, சதையாக. முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. கொழகொழவென்று ரத்தம் வந்தது.

வருகிறான். இசக்கி வருகிறான். பிள்ளையை மறுபடி இழுத்துக்கொண்டு போக வருகிறான்.

நெல்லையப்பன் யோசிக்கவில்லை. மூடியைத் தாங்கி நின்ற முட்டுக்கட்டையைக் காலால் உதைத்தார். மூடி விழுந்தது. தளவாய் சொன்னது சரிதான். மூடி விழுந்த சத்தம் மட்டும்தான். தலை பின்னுக்குப் போய்விட்டது. விரல்கள் போகவில்லை.

மூடியின் மேல் படுத்துக்கொண்டார். முடிந்தது. அவ்வளவுதான். முடிந்தது.

கீழே ஸ்டீலின் தரையில் ஓர் உடம்பு விழுந்தது. துப்பியது. திரும்பத் திரும்பத் துப்பி, வாயைக் காலி செய்துகொண்டு, அது பேசியது. மூடியின் தடிமனைத் தாண்டி, கிணற்றுக்கடியிலிருந்து வருவதாக.

"அத்தான்."

நெல்லையப்பன் மூடியை இன்னும் அழுத்திக்கொண்டார்.

"அத்தான்… நான்தான் அத்தான்… கையி… என் கையி… தொறங்க அத்தான்… அவன் போயிட்டான், நான் மட்டுந்தான் இருக்கேன்… அக்கா… அக்காட்டச் சொல்லுங்க…"

இசக்கிக்கு ஏது விரல்?

அந்த ஒரு கேள்வி. இரண்டு நொடி முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. விளிம்பைப் பிடித்திருந்த கைகளில் விரல்கள் இருந்தன. எட்டும் இருந்தன. தாமே பார்த்தார்.

அப்படியானால் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது? மணிக்கட்டைத்தானே பிடித்தார். முழங்கையை. அக்குளை. அதற்குக் கீழே அவர் தொட்டுப் பார்க்கவே இல்லை.

முதுகுக்குப் பின்னால் மூச்சு நின்றுவிட்டது. இருமல் இல்லை. பலகை மட்டும் மெல்ல முனகியது, யாரோ எழுந்து மண்டியிடுகிறபோது முனகுவதாக.

திரும்ப முடியவில்லை. கழுத்து கேட்கவில்லை. கைகள் கேட்டன. மூடியிலிருந்து விலகி, அதன் விளிம்பில் இரண்டு கைகளையும் கொடுத்து, தம் உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் கூட்டி, மூடியைத் தூக்கினார். கீழே தளவாய் அழுதான். மூடி ஓர் அங்குலம் எழும்பியது. இடுக்கில் சூடான காற்று வந்தது. "இந்தா தொறந்துட்டேன்ல… இந்தா…"

மறுபடி மின்னியது.

அவருடைய வலது கைக்குப் பக்கத்தில் ஓர் உள்ளங்கை வந்து மூடியின் மேல் உட்கார்ந்தது. இடது கைக்குப் பக்கத்தில் இன்னொன்று. ஈரமாக, நீலம் பாரித்து. இரண்டிலும் கட்டைவிரல் மட்டும் இருந்தது.

அவர் தூக்கினார். அவை அழுத்தின.